கடலூர், புதுச்சேரிப் பக்கம் மாலை வெயிலில் திட்டமிடாமல் நிலக்காட்சி எடுப்பது: முழுமையான வழிகாட்டி

சாயங்காலம் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி பீச் ரோட்டிலோ கேமராவும் போனுமாக நிற்கும் பலர், கடலில் சூரியன் இறங்குவதை எடுக்கலாம் என்று வந்துவிட்டு, கடல் வெளுத்துக் கிடக்கிறதே என்று ஏமாந்து திரும்புகிறார்கள். நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் இறங்குவது பண்ருட்டி, விழுப்புரம் பக்கம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் இந்தக் கரையில் மாலைப் படம் எடுப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி. வெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்காமல், அது எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான்.

படம் எடுப்பதற்கென்றே கிளம்பிப் போகிறவர்களைவிட, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், உறவுக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில், வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று "அடடா" என்று நிற்கத் தோன்றும் ஆட்களை நினைத்து இதை எழுதுகிறேன். அந்த வெளிச்சம் சொல்லிவிட்டு வராது. வந்தால் சில நிமிடம்தான் நிற்கும். அதற்குள் என்ன செய்வது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. கேமராவைக் காலையிலேயே மாலைக்குத் தயார் செய்யுங்கள்

திட்டமில்லாமல் எடுப்பவர்தான் எல்லோரையும்விட முன்னேற்பாடாக இருக்க வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு மெனுவுக்குள் போய்த் தேடிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவை அபர்ச்சர் முன்னுரிமையில் (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைக்க, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) வைத்து, அபர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோவில் உச்ச அளவு 3200, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 விநாடி, பதிவு ரா வடிவத்தில் (கேமரா திருத்தாத முழுத் தகவல்) என்று அமைத்துவிடுங்கள். இந்த அமைப்பில் கேமராவை வெளியே எடுத்து அமுக்கினாலே பயன்படுத்தக்கூடிய ஒரு படம் வந்துவிடும். முதல் படம் கைக்கு வந்தபின் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள். மாலை வெயிலின் மஞ்சளைக் கேமரா ஒரு குறையாகப் பார்க்கும், பார்த்துத் திருத்தியும்விடும். கண்ணுக்குப் பொன்னாகத் தெரிந்த ஏரிக்கரை படத்தில் மதியம் இரண்டு மணி மாதிரி வெளுத்து நிற்பதற்கு இதுதான் காரணம். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில் நிறுத்திவையுங்கள். ராவில் எடுத்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனாலும் திரையில் சரியான நிறம் தெரிந்தால்தான் அந்த இடத்தில் இன்னும் நிற்கலாமா, கிளம்பலாமா என்று முடிவெடுக்க முடியும்.

போன் மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு: லென்ஸைத் துடையுங்கள். இதை மட்டும் செய்தாலே உங்கள் மாலைப் படங்கள் மாறிவிடும். சட்டைப் பையிலும் கையிலும் புரண்ட லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், சாய்ந்த வெயில் அதில் பட்டவுடன் படம் முழுக்கப் பால் ஊற்றியது போல மங்கும். வேட்டி, கைக்குட்டை என்று பழைய பருத்தித் துணி எதுவானாலும் போதும். அப்புறம் போனில் பல லென்ஸ் இருந்தாலும் மாலையில் முதன்மை லென்ஸையே நம்புங்கள். அகலக்கோண லென்ஸ் பெரும்பாலான போன்களில் வெளிச்சம் குறைந்தால் சீக்கிரம் தடுமாறும், விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் மிஞ்சுவது புள்ளிகள்தான்.

2. நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், அது நினைப்பதைவிடக் குறைவு

கடலூரிலும் புதுச்சேரியிலும் சூரியன் மறைவது நவம்பர் கடைசியில் மாலை 5:40ஐ ஒட்டி, ஜூலை தொடக்கத்தில் 6:40ஐ ஒட்டி. ஆண்டு முழுக்க இந்த ஒரு மணி நேர வித்தியாசத்துக்குள்தான் நம் மாலை நகர்கிறது.

வெளிநாட்டு ஆட்கள் எழுதும் குறிப்புகளில் பொன்வெளிச்சம் ஒரு மணி நேரம் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி தொலைவில் இருக்கும் நமக்குச் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே இருக்கும் சூரியன் மறைய இங்கே 25 நிமிடத்தை ஒட்டித்தான் ஆகும், லண்டனில் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். மறைந்த பிறகும் அப்படித்தான். 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் கருக்கல் வந்துவிடும். ஆக, முன்னும் பின்னும் சேர்த்து உங்கள் கையில் இருப்பது முக்கால் மணி நேரம். அதிலும் உச்சமான வெளிச்சம் அஞ்சு பத்து நிமிடம்.

இன்னொன்றும் உண்டு. சூரியன் எல்லா நாளும் நேர் மேற்கே மறைவதில்லை. மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்களில் நேர் மேற்கு. டிசம்பரில் அதிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி, ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி. ஜூனில் பனைமரத்துக்குப் பின்னால் மறைந்த சூரியன் டிசம்பரில் பக்கத்து ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறையும். தினமும் போகும் வழியில் இதைக் கவனித்தபடி இருந்தால் எந்த மாதம் எந்த இடம் அமையும் என்பது தானாகவே மனதில் ஏறிவிடும்.

3. நின்றவுடன் முதல் நிமிடம்: ஒரு சுற்று சுற்றுங்கள்

வண்டியை ஓரம் கட்டியாகிவிட்டது. உங்களை நிறுத்தியது எதுவோ, மேகமோ வயலோ, அதை ஒரு படம் எடுத்துவிடுங்கள். இது கைவசம் இருக்கட்டும். அடுத்ததாகக் கேமராவை இறக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு பக்கமும் நான்கு விதமான வெளிச்சம் இருக்கும்.

மேற்கே பார்த்தால் எல்லாமே கறுப்பு உருவமாகத் தெரியும். பனை, மின்கம்பம், தலையில் புல்லுக்கட்டோடு நடக்கும் ஆள் என்று வெளிக்கோடு நன்றாக இருக்கும் பொருளுக்கு இது ஏற்றது. கொத்தாகப் புதர் மண்டிய இடத்தில் இப்படி எடுத்தால் கீழே ஒரு கறுப்புப் பட்டைதான் மிஞ்சும்.

வடக்கே அல்லது தெற்கே பார்த்தால் வெயில் பக்கவாட்டில் விழும். நிலக்காட்சிக்கு என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். பாகூர் ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் பனைகளை இந்த வெளிச்சத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். மட்டை உதிர்ந்த தழும்புகள் வளையம் வளையமாக அடிமரத்தைச் சுற்றிப் போகும், ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பக்கம் ஒளிக்கோடு, மறுபக்கம் நிழல்கோடு. மதியத்தில் வெறும் சாம்பல் தூணாகத் தெரியும் அதே மரம் இப்போது தொட்டுப் பார்க்கலாம் போலத் திரண்டு நிற்கும். வரப்பு, உழுத மண், வைக்கோல்போர், செங்கல் சூளை எதுவாக இருந்தாலும் பக்க வெயிலில்தான் மேடும் பள்ளமும் வெளியே வரும்.

கிழக்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில். நிறம் அத்தனையும் முழுசாகத் தெரியும். ஆனால் ஒரு சிக்கல், உங்கள் நிழல். சூரியன் 5 டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஒரு ஆளின் நிழல் அவர் உயரத்தைப் போல 11 மடங்கு நீளும். ஐந்தரை அடி ஆளுக்கு 60 அடி நிழல், அது நேராகப் படத்துக்கு நடுவில் போய்ப் படுக்கும். மரம், படகு, சுவர் எதனுடைய நிழலுக்குள்ளாவது போய் நின்றுகொள்ளுங்கள். உங்கள் நிழல் அதில் கரைந்துவிடும்.

இந்தச் சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்களை நிறுத்திய காட்சியைவிட நல்லது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது அடிக்கடி நடக்கும்.

4. வானத்துக்கு அளவு வையுங்கள், நிலத்தைப் பின்னால் தூக்கலாம்

மாலையில் வானத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம். கேமரா தரையைப் பார்த்து அளந்தால் வானம் வெளுத்துவிடும், வெளுத்த இடத்தில் எந்தத் தகவலும் இருக்காது, எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. இருட்டான தரையில் தகவல் இருக்கும், ராவில் எடுத்திருந்தால் நன்றாகவே தூக்கலாம். அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு) வரை குறைத்து எடுங்கள். போனில் மேகத்தின் பிரகாசமான பகுதியை விரலால் அழுத்திப் பிடியுங்கள், பூட்டியதும் விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள்.

செம்மண் பூமிக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கேப்பர் மலைப் பக்கமும் பண்ருட்டியைச் சுற்றிய முந்திரித் தோப்புகளிலும் மண்ணே சிவப்பு, அதன்மேல் செந்நிற வெயில் விழும்போது கேமராவின் சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டிவிடும். பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்று காட்டும், வீட்டுக்கு வந்து பார்த்தால் மண் குங்குமம் கொட்டியது போல ஒரே திட்டாக, மணலும் சரளையும் தெரியாமல் இருக்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள், சிவப்பு வலது சுவரை முட்டினால் இன்னும் அரை ஸ்டாப் குறையுங்கள்.

ஃபோகஸுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். முழு அளவு சென்சாரில் 24 மிமீ லென்ஸ், எஃப் 8 என்றால் சுமார் 2.4 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் அதில் பாதித் தூரத்திலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். கை நடுக்கத்துக்குப் பழைய கணக்கு இப்போதும் உதவும்: 50 மிமீ என்றால் 1/50க்குக் கீழே போகாதீர்கள், 200 மிமீ என்றால் 1/200. டிரைபாட் இல்லையென்றால் மதகுச் சுவர், பாலத்துக் கைப்பிடி, வண்டி சீட்டு எதன்மேலாவது கேமராவை வைத்து 2 விநாடி டைமரில் எடுக்கலாம். வண்டியின் மேல் வைத்தால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

5. எங்கே திரும்புவது: இந்த நிலத்தின் அமைப்பு உங்களுக்குச் சாதகம்

நம் பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சரிகிறது. ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. கடலூர்–புதுச்சேரி ரோடு வடக்கு தெற்காகப் போகிறது. ஆக, கெடிலம், தென்பெண்ணை, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பாலத்தில் ஏறும்போதும் ஆற்றின் நீளம் அப்படியே மேற்கே, சூரியனை நோக்கித் திறக்கும். மரம், கட்டிடம் எதுவும் மறைக்காத வெளி நம் ஊரில் வேறெங்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. தென்பெண்ணையில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். அது குறையில்லை, மணலுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல ஓடும் ஒற்றை நீர்க்கோடு மாலை வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படத்தின் அடியிலிருந்து அடிவானம் வரை கண்ணை இழுத்துக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் இருக்கும்போது வானம் முழுக்க ஆற்றில் இறங்கியிருக்கும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பாலம் தாண்டி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள், நடைமேடை இல்லாத பாலம் என்றால் கீழே கரைக்கு இறங்குங்கள்.

ஏரிகளும் இதே கணக்குதான். நீர் கிழக்கே சரிந்து வருவதால் அதைத் தடுக்கும் கரையைப் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் போட்டிருப்பார்கள். கரைமேல் ஏறி நின்றால் நீர்ப்பரப்பு மேற்கே, அதற்கு அந்தப் பக்கம் சூரியன். காட்டுமன்னார்கோவில் பக்கம் போனால் வீராணம் ஏரிக்கரை பல கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படியே போகும், நிற்க இடம் தேட வேண்டியதே இல்லை. புதுச்சேரிக்கு மேற்கே ஊசுட்டேரி, தெற்கே பாகூர் ஏரி. ஏரியில் ஒரு விஷயம் கவனியுங்கள், தண்ணீரில் விழும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிட எப்போதும் கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும். எடிட் செய்யும்போது இரண்டையும் ஒரே அளவு பிரகாசமாக்கினால் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ இடிக்கும்.

கரைமேல் நிற்கும்போது திரும்பிக் கீழேயும் பாருங்கள். கரைக்குக் கிழக்கே ஏரிப் பாசன வயல்கள் இருக்கும், வெயில் கரையைத் தாண்டி அதன்மேல் விழும். நாற்று நட்ட புதிதில் வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில் பாகூர்ப் பக்கம் ஒவ்வொரு வயலும் தனித்தனிக் கண்ணாடியாகக் கிடக்கும், நடுவில் வரப்புகள் கறுப்புக் கோடு. சூரியன் தாழத் தாழக் கரையின் நிழல் வயலுக்குள் நீண்டுகொண்டே போவதும் தெரியும். அந்த நிழல் விளிம்புக்கு அப்பால் மட்டும் பச்சை எரிவது போல நிற்கும் ஒரு நேரம் உண்டு. மேற்கே சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது.

மேற்கே தண்ணீர் வேண்டும், ஆனால் கடல் காற்றும் வேண்டும் என்றால் உப்பங்கழிதான் வழி. கடலூர் முதுநகரில் உப்பனாற்றுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல் திட்டில் நின்றால் கழிமுகம் மேற்கே வரும், கரையேற்றிய ஃபைபர் படகுகளும் வலைகளும் முன்னால். சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலும் இதே அமைப்பு. படகில்தான் போக முடியும் என்ற இடங்களில் மாலைப் படகு எத்தனை மணியோடு முடிகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், நல்ல வெளிச்சம் வரும் முன்பே பல இடங்களில் நிறுத்திவிடுவார்கள். பிச்சாவரமும் அப்படித்தான்.

சவுக்குத் தோப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. வரிசை பிடித்து நட்ட மரங்கள், கீழே பழுப்பு நிற ஊசிச் சருகு மெத்தை. வெயில் சாய்ந்ததும் வரிசைகளுக்கு இடையே ஒளி தரையோடு தரையாக ஓடி வரும். சூரியனை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு இறங்கி எடுங்கள்.

புதுச்சேரி நகரத்துக்குள் சிக்கிக்கொண்டீர்கள் என்றால்? பீச் ரோட்டின் வெள்ளைக் கட்டிடங்கள் கடலைப் பார்த்து நிற்பவை, காலை வெயில்தான் அவற்றின் முகத்தில் விழும். மாலையில் அவை நிழலில் மங்கிப்போகும், 1836ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் கடல் பக்கமும் அப்படித்தான். அதற்குப் பதிலாகக் கடலை நோக்கிப் போகும் குறுக்குத் தெருக்களுக்குள் வாருங்கள். கட்டம் போட்டது போல அமைந்த ஊர், அந்தத் தெருக்கள் ஏறக்குறைய மேற்கு கிழக்காக ஓடுவதால் கடைசி வெயில் தெருவின் முழு நீளத்துக்கும் உருண்டு வரும். மஞ்சள் சுவரில் வேப்பங்கிளை நிழல், காகிதப்பூக் கொடி, சைக்கிள் நிழல். இது நிலக்காட்சி இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில் எடுப்பதுதான் என் கட்சி.

6. கடற்கரையில் மாலை: சீக்கிரம் வாருங்கள், தாமதமாகப் போங்கள்

நம் கடற்கரையில் மணலின்மேல் விழும் வெயில் சூரியன் மறையும் முன்பே போய்விடும். காரணம் எளிது. பின்னால் தோப்பும் வீடுகளும். 10 மீட்டர் உயரச் சவுக்கு, சூரியன் 6 டிகிரியில் இருக்கும்போது கிட்டத்தட்ட 95 மீட்டருக்கு நிழல் போடும். தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ மணல் அலைகளும் காலடித் தடங்களும் பொன்னிறத்தில் வேண்டுமென்றால் மறைவுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வந்து நில்லுங்கள். நிழல் மணலை மூடிய பிறகும் கடலுக்குள் வெயில் இருக்கும். கரை இருட்டு, உடையும் அலையின் முகட்டில் மட்டும் தங்கக்கோடு, அதற்கு அப்பால் திரும்பி வரும் படகின் மேல் முழு வெயில். அந்தச் சில நிமிடம் 100 மிமீக்கு மேற்பட்ட லென்ஸ் கையில் இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

சூரியன் மறைந்ததும் கூட்டம் கலையும். அப்போது கிளம்பாதீர்கள். கிழக்கே கடல் விளிம்பைப் பாருங்கள், சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை மெல்ல எழும். அது பூமியின் நிழல், வளிமண்டலத்தின் மேல் விழுகிறது. அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. மறைந்த சூரியனின் சிவந்த ஒளி காற்றில் தெறித்து நம்மை நோக்கித் திரும்புவதால் வரும் நிறம் அது. மறைந்து 5 நிமிடத்திலிருந்து 15 நிமிடம் வரை இது நன்றாகத் தெரியும், மேகமில்லாத நாளில் இன்னும் நன்றாக. கேரளத்துக் கடற்கரைக்காரர்கள் இதைக் கடலின் மேல் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். நமக்குச் சாயங்காலமே, எந்த மறைப்பும் இல்லாமல், கடலுக்கு மேலே விரிந்து கிடக்கிறது. இதை எடுக்காமல் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காது.

எடுக்கும் விதம்: அலை வடிந்து போகும்போது ஈர மணல் ஓரிரு விநாடி பளபளவென்று இருக்கும், வானத்து இளஞ்சிவப்பு அதில் அப்படியே விழும். கேமராவை மணலுக்கு ஒரு அடி உயரத்துக்கு இறக்குங்கள், பிரதிபலிப்பு பெரிதாகும். மணல் உறிஞ்சிவிட்டால் நிறமும் போய்விடும், அதனால் அலை பின்வாங்கத் தொடங்கும்போதே எடுத்துக்கொண்டே இருங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டியிருந்தால் கழற்றுங்கள், அது இந்தப் பளபளப்பைத் தின்றுவிடும். புதுச்சேரியில் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து விழுந்த பழைய துறைமுகப் பாலத்தின் மிச்சத்தை இந்த நேரத்தில் எடுத்துப் பாருங்கள். ஷட்டரை அரை விநாடி, ஒரு விநாடி என்று திறந்துவைத்தால் அலை பஞ்சாகக் கலைந்து தூண்கள் மட்டும் நிற்கும். பாறைமேல் கேமராவை வைத்து எடுக்கலாம், பாசி படிந்த பாறையில் நீங்கள் ஏறாதீர்கள்.

பௌர்ணமி வந்தால் இன்னும் ஒரு படி மேலே. பௌர்ணமியன்று சூரியன் மறைவதை ஒட்டிக் கடலிலிருந்து நிலா எழும். ஆனால் படத்துக்கு நல்லது முந்தின நாள். அன்று நிலா ஏறக்குறைய 50 நிமிடம் முன்னாலேயே எழுந்து, சூரியன் மறையும்போது சற்று உயரத்தில் அந்த இளஞ்சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும், கடலிலும் கரையிலும் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/125 என்று தொடங்குங்கள், நிலாவும் கடலும் ஒரே படத்தில் சரியாக வரும். பௌர்ணமியன்று இருட்டிய பிறகு எடுத்தால் நிலா வெறும் வெள்ளை வட்டம், சுற்றி ஒன்றும் இல்லை. இதற்கு ஆப் எல்லாம் தேவையில்லை, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்தால் போதும்.

7. மேகமும் மழையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் உள்நாட்டில் இடிமேகம் கட்டி, சாயங்காலம் கடற்கரையை நோக்கி நகர்ந்து வரும். மேற்கே முழுக்க அடைத்துக்கொண்டால் அன்றைக்கு வெயில் இல்லை என்று நினைக்காதீர்கள். அடிவானத்தில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் சூரியன் அதற்குள் இறங்கும்போது கடைசி இரண்டு மூன்று நிமிடம் ஊரே சிவந்து போகும், கறுத்த மேகப் பின்னணியில் ஒரு தென்னையோ கோயில் கோபுரமோ தனியாக எரியும். இடிமேகம் கடல் பக்கம் தாண்டிப் போயிருந்தால் இன்னும் விசேஷம், மேற்கிலிருந்து போகும் ஒளி அதன் உச்சியில் தங்கி, கீழே இருட்டிய பிறகும் மேலே ஆரஞ்சாக நிற்கும்.

அந்தி மழை அழுதாலும் விடாது என்று சும்மா சொல்லவில்லை. பையில் இரண்டு பிளாஸ்டிக் கவர், ஒரு ரப்பர் பேண்ட் எப்போதும் கிடக்கட்டும். மின்னல் வெட்டினால் திறந்த மணலிலோ ஏரிக்கரை மேலோ தனியாக நிற்கும் பனைக்கு அடியிலோ நிற்காதீர்கள், எந்தப் படமும் அதற்கு ஈடில்லை. ஏசி காரிலிருந்து கேமராவைத் திடீரென்று வெளியே எடுத்தால் லென்ஸில் பனி பிடித்துவிடும், துடைக்கத் துடைக்க வரும். ஊர் எல்லை வந்ததும் கார் கண்ணாடியை இறக்கிவிட்டால் நிற்கும் இடம் வருவதற்குள் கேமரா சூட்டுக்குப் பழகிவிடும். கடற்கரையில் உப்புத் தூறல் லென்ஸில் படியும். அதை உலர்ந்த துணியால் தேய்க்காமல், லேசாக ஈரமான துணியில் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள்.

தை மாதத்தில் மழை ஓய்ந்து வயலிலிருந்து ஈரம் எழும். மாலையில் மெல்லிய மூட்டம் போட்டுத் தூரத்து மரவரிசை ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிப்போகும். நீண்ட லென்ஸுக்கு ஆண்டின் நல்ல நேரம் அது.

8. மனிதர்களும் இடமும்

படகு, வலை, வீடு எதையும் கிட்டப் போய் எடுக்கும் முன் கேளுங்கள். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு மறுத்தவர்கள் குறைவு, கேட்டதற்காகவே எந்த நேரத்தில் படகு திரும்பும், எந்தப் பக்கம் சேறு என்று சொல்லிக் கொடுத்தவர்கள்தான் அதிகம். குளிக்கிறவர்கள், கரையில் ஒதுங்கியிருப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். ஏரிக்கரைப் புல்லில் பொழுது சாய்ந்தபின் பாம்பு நடமாட்டம் இருக்கும், செருப்பைவிட ஷூ நல்லது, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டே திரும்புங்கள். ஊசுட்டேரியில் பறவைகள் அடையும் நேரம் அதுதான், கலைத்துப் பறக்கவிட்டு எடுக்காதீர்கள். முகத்துவாரங்களில் மணல் உறுதியாகத் தெரிந்தாலும் நீரோட்டம் இழுக்கும், கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே எடிட் செய்யாதீர்கள். கண்ணில் இன்னும் அந்தச் சிவப்பு நிற்கும், கையும் நிறத்தை ஏற்றிக்கொண்டே போகும். மறுநாள் பகலில் உட்காருங்கள். முதலில் பிரகாசமான பகுதிகளைக் கொஞ்சம் இறக்கி, நிழல்களை அளவாகத் தூக்குங்கள், நிழல் நிழலாகத் தெரிய வேண்டும். அடிவானத்தை நேராக்குங்கள், கடல் சாய்ந்திருந்தால் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது. நிறச் செறிவைக் கடைசியாகத் தொடுங்கள், பாதிப் படத்துக்கு அது தேவையே இருக்காது. அந்த இளஞ்சிவப்புப் பட்டையை மட்டும் ஏற்றவே ஏற்றாதீர்கள், அது வெளிறியிருப்பதுதான் அதன் அழகு, ஏற்றினால் கல்யாணப் பந்தல் விளக்கு மாதிரி ஆகிவிடும்.

வைத்துக்கொள்ளும் படத்தின் பெயரில் இடம், தேதி, நேரம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எழுதிவையுங்கள். "பாகூர் ஏரிக்கரை, ஜனவரி 12, 5:41, கிழக்கு" என்ற அளவு போதும். ஒரு வருடம் இப்படிச் சேர்ந்தால், அடுத்த ஜனவரியில் அந்த வழியாகப் போகும்போது எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.